தனிப் பந்தி இல்லாத கூடம்

ராயபுரம் நெய்தல் மகளிர் கல்லூரியின் கட்டட நிதிக் காரியதரிசியாய்ப் பதினோராண்டு பணியாற்றி இன்று ஓய்வு பெறும் பெருமதிப்பிற்குரிய சுகிர்தம் அம்மையார் அவர்களுக்கு உடன் பணியாற்றியோர் உவந்தளிக்கும் மடல்

கேட்பதையே கடமையாய்க் கொண்ட கண்ணியமே! கதவடைத்தவர் வாசலிலும் கனிமுகம் காட்டிய கருணையே! தங்களை நேருக்கு நேர் புகழ்ந்தால் எழுந்து போய்விடுவீர்கள். ஆகையால் சற்று நேரம் தங்களை 'அம்மையார்' என்று வேறொருவர்போல வைத்துச் சபையோருக்குச் சொல்கிறோம். பொறுத்தருள்க.

சபையோரே! அம்மையார் வருமுன் நம் கல்லூரியின் நிதி திரட்டல் என்பது வாசலில் ஓர் உண்டியலும் முதல்வர் எழுதும் கடிதங்களுமே. உண்டியல் துருப்பிடித்தது, கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. 1946-இல் வந்த அம்மையார் குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் இறங்கினார். தென்மாவட்ட வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவென்று பொதுக் காரியத்துக்கு எடுத்துவைக்கும் மகமையில் நம் மாணவியருக்கும் பங்கு கேட்டார். தூரத்தில் குடை தெரிந்தால் கிடங்குக்குள் நழுவிய முதலாளிகளும் உண்டு. நழுவியவர் வெளியே வரும்வரை அம்மையார் மிளகாய் மூட்டைமேல் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருப்பார். கொடுக்கிறேன் என்று வாயால் சொல்லும்வரை அந்த வீட்டுக் காப்பியைத் தொடமாட்டார். வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்ப மனமில்லாதவர்கள் அவர்கள். பாதி நிதி அந்தக் காப்பியால்தான் வந்தது.

1951-இல் வந்தது பெரிய சோதனை. விடுதி இல்லாத கல்லூரிக்குப் பி.ஏ. வகுப்பு இல்லை என்று சர்வகலாசாலை கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டது. திருவொற்றியூர் மொத்த வியாபாரி வெள்ளத்துரை விடுதி முழுவதையும் தாமே கட்டித்தர ஒப்புக்கொண்டார். காப்பி வந்தது. அம்மையார் தம்ளரைக் கையில் எடுத்தார். அப்போதுதான் வெள்ளத்துரை சொன்னார்:

"எம்மா, எங்க ஆளுக பிள்ளைகள அனுப்பணும்லா? அந்த வியாசர்பாடிச் சேரிப் பிள்ளைகளுக்கு மட்டும் தனிப் பந்தி போட்டுருங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல."

"சோத்துல பிரிச்சுட்டுப் படிப்புல எப்படி அண்ணாச்சி சேக்கது?" என்று அம்மையார் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

நிர்வாகக் குழு கொதித்தது. மாத முடிவுக்குள் வெள்ளத்துரையின் சம்மதத்தோடு வரவேண்டும், அல்லது பதவியை ஒப்படைக்க வேண்டும் என்றது. அதற்குள் சேதி வியாசர்பாடிக்குப் போய்விட்டது. விடுதியில் சேரவிருந்த ராஜாத்தியின் தாயார், ரயில்வே யார்டில் கரி சுமக்கும் கெங்கம்மா, அம்மையாரைக் கண்டதும் பொரிந்து தள்ளினார்.

"தனியா குந்திக்கினு துன்றதுக்கு எம் பொண்ணு இன்னாத்துக்கும்மா அங்க வரணும்? காத்தாலேர்ந்து அயுதுகினு கீறா!"

"ஒரே பந்திதான் கெங்கம்மா. இல்லாட்டி நானும் அங்க இருக்கமாட்டேன்."

சொல்லிவிட்டார், பணத்துக்கு எங்கே போவது? ராயபுரத்துச் சில்லறைக் கடைகளின் மகமை கொஞ்சம், யார்டுத் தொழிலாளரின் சம்பள நாள் வசூல் கொஞ்சம், வியாசர்பாடிப் பையன்கள் கால்பந்தாடித் திரட்டியது கொஞ்சம். ஓடாய்த் தேய்ந்து திரட்டியதெல்லாம் சேர்ந்து ஒரே ஒரு கூடத்துக்குத்தான் காணும். பணத்தைக் கண்டதும் பதவிப் பேச்சை விட்டுவிட்ட குழு, படுக்கையறை கட்டுவோம் என்றது. சாப்பாட்டுக் கூடம்தான் முதலில் என்று அம்மையார் பிடித்த பிடியில் நின்றார். முதல் வருடம் மாணவியர் இலை எடுத்த இடத்திலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். பார்வையிட வந்த சர்வகலாசாலைக் குழு முகம் சுளித்தது. ஆனாலும் ஒரு வருடத்துக்கு அனுமதி தந்தது. வெள்ளத்துரை ஒரு செப்புக்காசும் தரவில்லை.

மறு ஜூனில் அவரே குதிரை வண்டியில் வந்து இறங்கினார். பின்னால் மகள் செல்லக்கனி, ஒரு டிரங்குப் பெட்டியோடு.

"ரூவா தரமாட்டேன்னுதாம்மா இருந்தேன். பிள்ளையத் தரமாட்டேன்னு சொல்லலியே. இங்கதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கா. எல்லாரோடயும் சேத்தே உக்காத்துங்க."

வாங்கிய நன்கொடைக்கெல்லாம் வாய் நிறைய நன்றி சொல்லும் அம்மையார் அன்று பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாமே பிடித்துக் கூடத்துக்குள் தூக்கிப் போனார்.

அம்மையீர்! இனித் தங்களையே விளித்துச் சொல்கிறோம். தங்களைப் பிரிவது எங்களுக்கு வருத்தமாய் இருக்கிறது. அதை அலங்காரம் செய்து மறைக்க எங்களால் ஆகவில்லை. நோய் அணுகாது, நெஞ்சு வாடாது, நெடுங்காலம் தாங்கள் வாழ்க! வெயிலில் அலைந்த கால்கள் இனி நிழலில் இளைப்பாறுக! இனிமேல் கொடை கேட்டு நாங்கள் போவோம். கூடாத நிபந்தனையோடு எவ்வளவு பெரிய தொகை வந்தாலும், தங்களைப்போல எழுந்து வந்துவிடுவோம். இது வாழ்த்து அல்ல, வாக்கு.

தங்கள் வழியில் நடக்க விழையும்
ஆசிரியர்கள், அலுவலர்கள், விடுதிப் பணியாளர்கள்
நெய்தல் மகளிர் கல்லூரி, ராயபுரம், சென்னை-13
மார்ச்சு 1957