நடுக்கம் நின்ற வண்டி

நின்றுகொண்டிருக்கும் வண்டி நடுங்கக் கூடாது சார். ஓடும்போது ஆடினால் சாலையைத் திட்டலாம். நிற்கும்போதும் ஆடினால் சொந்தக்காரரைத்தான் திட்ட வேண்டும். அந்தச் சொந்தக்காரர் என் தங்கையின் கணவர். என் வீட்டு மாடியில்தான் இருவரும் குடியிருந்தார்கள்.

கார் கிழடு. ஆனாலும் அவரைவிட அதற்குப் புத்தி அதிகம். ஸ்டார்ட் செய்து சும்மா விட்டால் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி உதறும். எதிர்வீட்டுக்காரரின் பல்செட் கழன்று விழுந்தது என்று நான் சொன்னால் பாதியாவது நம்புங்கள்.

மாப்பிள்ளை தானே ரிப்பேர் பார்த்தார். செல்போனில் வீடியோ பார்த்து ஸ்பார்க் பிளக்கை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றி, என் தங்கை பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். பிறகு பெட்ரோல் பங்க்காரனைத் திட்டினார். ஒவ்வொரு தடவையும் இஞ்சின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பார். சிந்தாவிட்டால் வண்டி சரியாகிவிட்டதாம். அவருக்குத் தெரிந்த விஞ்ஞானம் மொத்தமும் அந்த டம்ளருக்குள் அடங்கும். தினமும் இஞ்சினுக்கு அபிஷேகம்தான்.

நான் ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆய்வாளர். பெட்டி ஓடுகிறதா என்று பார்ப்பதல்ல என் வேலை, நிற்கிறதா என்று பார்ப்பது. "எங்கயோ ரப்பர் குழாய் வெடிச்சிருக்கு மாப்பிள்ளை, காத்து உள்ள போகுது" என்றேன்.

"பெட்டிக்குள்ள நின்னு பட்டன் அமுக்கின ஆளு நீங்க. இது காரு மச்சான்!"

தங்கையும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான்.

வண்டி சரியானதும் இருவரும் தங்கள் மகன் இருக்கும் ஊருக்கே போய்விடுவதாக ஏற்பாடு. மூட்டை கட்டியாயிற்று. என் மனைவி போனதிலிருந்து எனக்குச் சமைத்துப் போட்டதும், சட்டைக்குப் பட்டன் தைத்ததும் தங்கைதான். போகட்டுமே. எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் அன்றைக்குக் காலையிலும் டம்ளர் கவிழ்ந்தது. மாப்பிள்ளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "கொஞ்சம் நீங்கதான் பாருங்களேன், மச்சான்."

பார்த்தேன். பிரேக்குக்குப் போகும் குழாயில்தான் வெடிப்பு. புதுக் குழாய் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். நான் வாங்கவில்லை. குழாயை இஞ்சினிலிருந்து உருவி, அது இருந்த ஓட்டையை ஒரு ரப்பர் மூடியால் இறுக அடைத்தேன். நடுக்கம் போன இடம் தெரியவில்லை. டம்ளரில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. மாப்பிள்ளை பிரசவ வார்டு வாசலில் நல்ல சேதி கேட்டவர் மாதிரி நின்றார்.

அந்தக் குழாய் இல்லாவிட்டால் பிரேக் மிதி பாறையாகிவிடும் சார். முழுப் பலத்தையும் போட்டு மிதித்தால்தான் பிடிக்கும். அவருக்கோ முழங்கால் வலி. எங்கள் தெரு சரிவு, கீழே லாரிகள் பறக்கும் சாலை. ஹேண்ட்பிரேக் செத்து வெகுகாலமாகிவிட்டதால் டயருக்குக் கல் வைத்துத்தான் நிறுத்துவார். மிதித்துப் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அவரும் மிதித்துப் பார்க்கவில்லை. என்னைக் கேட்டது நடுக்கத்தை நிறுத்தத்தான், நிறுத்திக் கொடுத்தேன்.

தங்கையிடம் மட்டும், "நீ பஸ்ல போயேம்மா" என்றேன்.

"அதான் நீயே சரி பண்ணிட்டியேண்ணா, அப்புறம் என்ன பயம்?" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். சிரித்துக்கொண்டேதான் ஏறினாள். இந்த முறை வாயைப் பொத்தவில்லை.

"கல்லை எடுங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

எடுத்தேன்.

கீழே லாரி மோதி அவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, இனி எழுந்து நடக்க மாட்டாள் என்கிறார்கள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவளை என்றைக்கு அனுப்புவார்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டு மட்டும் சொல்லுங்கள் சார். மாடி ஏற முடியாதே என்று என் அறைக்குப் பக்கத்திலேயே கட்டில் போட்டுவைத்திருக்கிறேன். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?