குறைந்ததைத்தான் தேடுவார்கள்

முதல்முறை வெளிநாடு போகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள் சார். ஊறுகாய் பாட்டிலைப் பெட்டியின் ஓரத்தில் வைக்கிறார்கள். பெட்டியைத் தூக்கிப் போடும்போது ஓரத்தில்தான் அடி விழும். பாட்டிலைக் கைலிக்குள் சுருட்டி நடுவில் வைக்க வேண்டும்; கீழே ஒரு போர்வை, மேலே ஒரு போர்வை. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் பாதிப் பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

என் பெயர் ஜாபிர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சூட்கேஸ் கடை. பெட்டி விற்பதைவிடப் பெட்டி கட்டுவதில்தான் எனக்குப் பேர். கடற்கரை ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டியோடு என்னிடம் வருவார்கள். தராசில் ஏற்றிப் பார்ப்பேன். எடை கூடினால் எதை எடுப்பது என்று சொல்வேன். அது சுலபமான வேலையில்லை. மாமியார் கொடுத்த நார்த்தங்காயை எடுக்கச் சொன்னால் மனைவி முகம் மாறிவிடும். அம்மா கொடுத்த கருவாட்டை எடுக்கச் சொன்னால் அவனுக்கே கண் கலங்கும். நான் சொன்னால் மட்டும் எடுத்துவிடுவார்கள். கேட்டால் பிளாஸ்டிக் தாளை இழுத்து, பெட்டி முழுவதையும் இறுக்கிச் சுற்றிக் கொடுப்பேன்.

கொண்டுபோகக் கூடாததைப் பிரித்து எடுப்பதும் நான்தான். நம் வீட்டுக் கசகசா அங்கே போதைப்பொருள். இங்கே டாக்டர் சாதாரணமாக எழுதித் தரும் சில வலி மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் அங்கே ஆளைச் சிறையில் கொண்டுபோய் வைத்துவிடும். கடை வாசலில் போர்டே எழுதி வைத்திருக்கிறேன். எத்தனையோ பேரை அப்படிக் காப்பாற்றியிருக்கிறேன். அதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எடுத்த மாத்திரைகளை மேஜைக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பேன்.

என்னைத் திருடன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. அதைத் திருத்தத்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசுகிறேன்.

ஆரம்பத்தில் பெட்டி சுற்றிக்கொள்ள யாரும் முன்வரவில்லை. எடை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பூட்டு இருக்கும்போது சுற்றுவது எதற்கு என்பார்கள். விமானத்தில் ஏற்றுவதற்கு முன் பெட்டியைச் சோதனை போடுகிறார்கள், நம் கண்ணுக்கு மறைவாக எத்தனையோ கை படுகிறது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள், சுற்றவில்லை. ஆபத்தை வாயால் சொன்னால் மனிதர்களுக்குப் புரிவதில்லை. கொஞ்சம் காட்ட வேண்டியிருக்கிறது.

அதனால், சுற்ற வேண்டாம் என்றவர்களின் பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுத்தேன். எல்லோரிடமும் இல்லை, எப்போதாவது. எடை கூடியிருக்கிறது, மாற்றி அடுக்க வேண்டும் என்பேன். பூட்டின் எண்ணை அவர்களே சொல்லிவிட்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போவார்கள். விலை உயர்ந்ததைத் தொட்டதில்லை. போலீசுக்குப் போகும்படியான பொருளாக இருக்கக் கூடாது. போனில் சொல்லி மாய்ந்துபோகும்படியான பொருளாக இருக்க வேண்டும். தங்கச்சி தன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த சட்டை. அத்தா கட்டியிருந்த பழைய கடிகாரம். எதையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. சைக்கிளில் போய் நசுவினி ஆற்றில் போட்டுவிடுவேன். வைத்துக்கொண்டு அனுபவித்தால்தானே திருட்டு?

அங்கே போய்ப் பெட்டியைத் திறப்பார்கள். பொருள் இருக்காது. சோதனை போடுகிற இடத்தில் அடித்துவிட்டார்கள் என்று ஊருக்குப் போன் வரும். சுற்றிய பெட்டியில் மட்டும் ஒன்றும் குறையவில்லை என்பதை ஊர் தானாகவே கவனித்தது. கொஞ்ச காலத்தில் சுற்றாமல் கிளம்புகிறவர்களே அபூர்வம் என்றாகிவிட்டது. பயந்தார்கள், உண்மைதான். ஆனால் பத்திரமாகப் போனார்கள்.

இர்பான் நல்ல பையன். அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை. ஷமீரா என்று மனைவி, சின்னப் பெண் குழந்தை ஒன்று. போன தடவை போகும்போது சுற்ற வேண்டாம் என்றுவிட்டான். அவன் துணிகளுக்கு நடுவில் குழந்தையின் ஒற்றைக் கொலுசு இருந்தது. மற்றது குழந்தையின் காலில். அங்கே கட்டில் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுக்கொள்வதற்காக எடுத்துப் போகிறான் என்று ஷமீரா சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் எடுத்த பொருள்களிலேயே அதுதான் சரியான தேர்வு. அவள் அழுத அழுகையில் அந்தத் தெருவே பெட்டி சுற்ற வந்தது.

இந்தத் தடவை விடுமுறை முடிந்து கிளம்பும்போது இருவரும் கடைக்கு வந்தார்கள். சுற்றிவிடச் சொன்னான். பிறகு மேஜைமேல் சாய்ந்துகொண்டு, என்னிடம் யோசனை கேட்பதுபோலச் சொன்னான். அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"விசாரிச்சேன் காக்கா. ஏர்போர்ட்ல பெட்டியத் தொறக்கணும்னா நம்மளக் கூப்பிட்டு, நம்ம கண்ணு முன்னாடி வச்சுத்தான் தொறக்குறாங்களாம். போன தடவ என்னைய யாரும் கூப்பிடவே இல்ல. அப்புறம் எம் புள்ள கொலுசு எப்படிப் போச்சு?"

"தொலஞ்ச கொலுச விட்டுட்டு நீங்க பத்திரமாப் போய்ச் சேருங்க" என்று ஷமீரா அவனைக் கிண்டல் செய்தாள். "சிஐடி வேல பாக்குறாரு காக்கா, தூக்கத்துலகூட இதே பேச்சு."

அவன் என்னைச் சந்தேகப்படவில்லை. அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்ததும் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடப் போவதாகச் சொன்னான். யார் யாருக்கு என்ன தொலைந்தது, கிளம்புவதற்கு முன்னால் பெட்டியை எங்கெல்லாம் திறந்தார்கள் என்று ஒவ்வொருவரையும் சொல்லவைத்தால் ஆள் தெரிந்துவிடும் என்றான். நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் காக்கா என்றான். நான் ஏற்கெனவே யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். தொலைத்தவர்கள் எல்லோரும் என் தராசில் எடை பார்த்தவர்கள், சுற்றாமல் போனவர்கள். குழுவில் பேச ஆரம்பித்தால் அன்றைக்கே அது தெரிந்துபோகும்.

வெயிலாக இருந்தது. ஷமீராவுக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வா என்று அவனை அனுப்பினேன்.

பெட்டியின் நடுவில் அவள் அரைத்த இட்லிப் பொடி டப்பா இருந்தது. பாதிப் பொடியை எடுத்துக் கொட்டினேன். பிஸ்கட் டின்னில் இருந்த மாத்திரை அட்டைகளை ஒரு கவரில் அடுக்கி டப்பாவின் அடியில் வைத்து, மேலே பொடியை நிரப்பினேன். ஒருவருக்கு ஒரு வாரத்துக்கு வேண்டிய மாத்திரை என்றால் கெஞ்சித் தப்பிக்கலாம். இது பலருடைய பெட்டியிலிருந்து பல வருடமாகச் சேர்ந்தது. விற்கக் கொண்டுவந்தான் என்றுதான் யாருக்கும் தோன்றும். எடை மட்டும் மாறாமல் பார்த்துக்கொண்டேன். ஏதாவது குறைந்திருக்கிறதா என்றுதான் பெட்டிக்காரர்கள் தேடுவார்கள் சார். ஏதாவது கூடியிருக்கிறதா என்று இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

இரண்டு நாள் நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் செய்தேன் என்று சொன்னால், என்மேல் உங்களுக்குக் கொஞ்சம் இரக்கம் வரலாம். நான் அப்படி நினைக்கவில்லை. என்ன நடக்கும் என்று என் போர்டிலேயே எழுதியிருக்கிறேன். இறுக்கமாகச் சுற்றினேன். காசு வாங்கவில்லை. அவன் என்னைக் கட்டிக்கொண்டு ஸலாம் சொல்லிவிட்டுப் போனான்.

போய் இறங்கிய இடத்தில் பிடித்தார்கள். நீண்ட சிறைத் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. அந்தக் குழுவில் அவன் எதையும் எழுதவில்லை.

ஷமீரா என்னிடம்தான் முதலில் ஓடிவந்தாள். நீங்கள் கட்டிய பெட்டி, அதில் தப்பாக எதுவும் இல்லை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள். இர்பான் போனில் அவளிடம் ஒரு விஷயம் சொல்லியிருந்தான். இந்தத் தடவை விமான நிலையத்தில் அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஊறுகாய் பாட்டில் இயந்திரத்தில் ஏதோபோலத் தெரிந்திருக்கிறது. அவன் முன்னாலேயே தாளைக் கிழித்து, பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள். பொடி டப்பாவை யாரும் தொடவில்லை. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் பெட்டியை மூடி டேப் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். பரிதி என்று பெயர்.

அந்தப் பையன்மேல் சந்தேகப்படச் சொல்லி நான் அவளுக்குச் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"டேப் ஒட்டி முடிக்கிற வரைக்கும் இர்பான் அவன் கையையே பாத்துக்கிட்டு இருந்தானாம்மா?"

அவள் அழுகை நின்றுவிட்டது. பாவம், பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்ததுபோல முகம் மாறியது. அவளுக்கு அன்றைக்கு அது தேவையாக இருந்தது.

புகார் கொடுத்தாள். நான் கட்டும்போது டப்பாவில் பொடி மட்டும்தான் இருந்தது என்று சாட்சி சொன்னேன். பரிதியைப் பிடித்தார்கள். பரிதியைப் பிடித்ததைக் காட்டி இங்கிருந்து அனுப்பிய காகிதங்களை அந்த நாட்டுக் கோர்ட் ஏற்றுக்கொள்ளவில்லை. இர்பானும் உள்ளே, பரிதியும் உள்ளே என்று ஆயிற்று. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பரிதியின் அப்பா மருதையன் ஒருநாள் கடைக்கு வந்தார். வெண்ணாற்றங்கரையில் ஏதோ ஊர். நடவு வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கிறார். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. அவர் குடும்பத்தில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் பரிதி என்று பிறகு கேள்விப்பட்டேன். உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே கேட்டார்.

"பொட்டி கட்டயில டப்பா எல்லாத்தையும் தொறந்து பாத்துத்தான் வப்பீங்கன்னு சொன்னாங்க. அன்னைக்கு அந்த டப்பாவத் தொறந்தீங்களாய்யா?"

"தொறந்தேன். பொடிதான் இருந்துச்சு."

"அப்ப எம் புள்ளதான் வச்சிருக்கான்ங்குறீங்க."

ஆண்டவனுக்குத்தான் தெரியும் என்றேன். அவர் என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். டீ வரவழைத்தேன், குடிக்காமல் போய்விட்டார். மரியாதை தெரிந்த மனிதர். குரலை உயர்த்தவே இல்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அங்கே கைப்பற்றிய பொருள்களின் படங்களை வக்கீல் ஷமீராவின் போனுக்கு அனுப்பியிருக்கிறார். பக்கத்து வீட்டு ரசியா பேகம் எட்டிப் பார்த்திருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று தெரிவதற்காக, ராத்திரி மாத்திரை அட்டையில் அவர் மருமகள் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுப்பாளாம். மகனைப் பார்க்க அவர் வெளிநாடு போனபோது அந்த அட்டையை நான்தான் எடுத்து வைத்திருந்தேன். படத்தில் அந்தப் புள்ளி தெரிந்திருக்கிறது.

"இது என் ராத்திரி மாத்திரைடி. ஜாபிருதானே என் பொட்டியிலேருந்து எடுத்து வச்சுக்கிட்டான்" என்று ஷமீராவிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தப் புள்ளியை நான் கவனித்திருக்க வேண்டும். கவனக்குறைவுதான். அதற்காக உண்மையிலேயே வருத்தப்படுகிறேன்.

ஷமீராதான் உங்களிடம் வந்தாள். என்னைத் தஞ்சாவூருக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தீர்கள். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெளியே பெஞ்சு தெரிகிறது. ஒரு பக்கம் ஷமீரா, மறுபக்கம் மருதையன். இவள் புகாரால்தான் அவர் மகன் உள்ளே போனான். ஆனாலும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் குழந்தை தூங்குகிறது. மருதையனின் துண்டைப் போர்த்தியிருக்கிறார்கள்.

நீங்கள் நல்ல மனிதர், தியாகராசன் சார். என்னை அடிக்கவில்லை, அதட்டவில்லை. நான் சொன்னதையெல்லாம் நாளைக்கு மாஜிஸ்திரேட் முன்னால் ஒருமுறை சொன்னால் போதும், பரிதி உடனே வெளியே வந்துவிடுவான், அதை வைத்து இர்பானின் வழக்கை அங்கே திரும்ப எடுக்கச் சொல்லலாம் என்றீர்கள். "ரெண்டு உயிரு பாய். உங்க ஒரு வார்த்தையிலதான் இருக்கு" என்றீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் குரல் இறங்கிவிட்டது.

ஸ்டேஷனில் போலீசிடம் சொல்வது கோர்ட்டில் நிற்காது என்று என் வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால்தான் மனம்விட்டுப் பேசினேன். உங்களுக்காவது உண்மை தெரிய வேண்டும் என்று தோன்றியது. நாளைக்கு அங்கே வேறு மாதிரிச் சொல்வேன். எடுத்த மாத்திரைகளைக் கடை வாசல் குப்பைத் தொட்டியில் போடுவது வழக்கம், அங்கிருந்து யார் பொறுக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது என்பேன்.

என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இப்படிச் செய்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு வயதாகிவிட்டது, எங்கே இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் எங்கள் பக்கம் எத்தனை குடும்பம் சார். எல்லோரும் பூட்டின் எண்ணைச் சொல்லிப் பெட்டியை என் கையில் விட்டுப் போனவர்கள். நான் வாயைத் திறந்தால், இத்தனை வருடம் யாரை நம்பிக் கொடுத்தோம் என்று அவர்கள் நிம்மதி போய்விடும். நம்பி வந்தவர்களுக்கு அந்தக் கெடுதலை என்னால் செய்ய முடியாது.