சித்தி மீது சாட்சி உண்டா?

மாணவர் கட்டுரைத் தொகுப்பை வெளியிட்டுத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, மூத்த பேராசிரியப் பெருமக்களே, பிள்ளைகளைப் படிக்க அனுப்பிவிட்டுப் பாதி உயிரோடு காத்திருக்கும் தாய்மார்களே, இவர் எப்போது முடிப்பார் என்று ஏங்கும் பின்வரிசைச் செல்வங்களே, வணக்கம்!

பொறுங்கள், கைதட்டும்படி இன்னும் எதுவும் சொல்லவில்லை.

இத்தொகுப்பின் முதல் கட்டுரையை எழுதிய மாணவிக்கு ‘இடி’ என்று பெயர். விவாதத்தில் அவள் எழுந்தால் மேடை அதிரும், மேசை அதிரும், எதிரணி உதிரும்!

நான் நடத்தும் பாடத்தில் ஒரு நாடகம். தாயில்லாப் பிள்ளையை வதைத்த சித்தியின் கதை. வகுப்பே அவளைக் கொடுமைக்காரி என்றது. இடிக்குக் கோபம் பொங்கியது. பொங்காதா பின்னே? அவளை வளர்த்ததே ஒரு சித்தி அல்லவா? சித்திக்காகப் பக்கம் பக்கமாகப் பொரிந்து தள்ளினாள். விடுதி அறைத்தோழி அதைப் படித்தாள்.

“கேக்க ஜோராத்தான் இருக்குடீ. ஆனா இதெல்லாம் நாடகத்துல எந்தப் பக்கத்துல இருக்கு?”

அந்தக் கேள்வி இடியை நூலகத்தில் உட்கார வைத்தது. வரி வரியாகத் தேடினாள். நாடகத்தில் அத்தை பழிக்கிறாள், அடுத்த வீட்டுக்காரி பழிக்கிறாள். கண்ணால் கண்டவர் எவருமில்லை! துள்ளிக் குதித்தவள் கடைசிக் காட்சியில் விக்கித்துப் போனாள். சித்தியே சொல்கிறாள்: ‘பசியோடு கிடக்கட்டும் என்று நான்தான் கதவைச் சாத்தினேன்.’

“அந்த வரியை விட்டுடு. யாரு பாக்கப் போறா?” என்றாள் தோழி.

“நான் பாத்துட்டேனே!”

அவையோரே, அது பரிசுக்குப் போகும் கட்டுரை. விட்டால் வெற்றி, தொட்டால் தோல்வி! தவித்தவள் வீட்டுக்குப் போன் செய்தாள். மருத்துவமனைச் சலவை அறையின் இரைச்சலுக்கு நடுவே அவள் சித்தி கத்தினார்:

“இருக்கிறதை எழுது கண்ணு. நானும்தான் ஒருநாள் உன்னை அடிச்சு வெளியே நிறுத்தினேன். தப்புதான். அதுக்காக உனக்கு ஆகாதவளா போயிட்டேனா?”

எழுதினாள்! இந்த ஒரு கொடுமைக்குச் சான்று உண்டு, மற்றதெல்லாம் ஊர்வாய் என்று பக்கம் காட்டி எழுதினாள். வக்கீலாய்த் தொடங்கியவள் நீதிபதியாய் முடித்தாள்! தனக்குப் பிடித்ததைச் சொல்ல நாக்கு போதும். தனக்குப் பாதகமானதையும் சொல்ல நெஞ்சு வேண்டாமா?

என்ன, பரிசா? இரண்டாவதுதான். ஆனால் தொகுப்பாசிரியனாக இதில் முதலிடம் கொடுத்தவன் நான், கொடுத்ததில் பெருமைப்படுகிறேன்!

அந்தச் சித்தி வேலை முடித்து நேரே இங்கே வந்திருக்கிறார். எழுந்து நிற்க மாட்டாராம். இடி, கையைப் பிடித்து எழுப்பம்மா! ஆ... இப்போது தட்டுங்கள்!

பொறுத்துக் கேட்ட செவிகளுக்கு நன்றி. இனிக் கேள்வி கேட்கப்போகும் வாய்களுக்கு என் வணக்கம்!