பை வார்

இன்னும் கிட்ட வாங்க... கதவுக்கு முதுகைக் காட்டி யாரும் உட்காராதீங்க.

என் சிநேகிதனோட சித்தப்பாவுக்கு நடந்தது இது. சாயங்காலம் அஞ்சு மணி. ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு மலை உச்சி... வழின்னு ஒண்ணு கிடையாது, ஆட்டுத் தடம்கூட இல்ல. லேத் பட்டறைல வேலை அவருக்கு. லீவு விட்டா ஊரே தூங்கும், இவர் மட்டும் எவனும் ஏறாத மலையாத் தேடிப் போவார். கிறுக்கு. அன்னைக்கு மச்சினனையும் இழுத்துட்டுப் போயிட்டார். சித்தி வாசல்லயே சொல்லியிருக்காங்க: "எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. கூட்டிட்டுப் போற மாதிரியே கொண்டு வந்து விடுங்க."

உச்சில மச்சினன் ஷூவைக் கழட்டி, உள்ள போன கல்லைத் தட்டிட்டிருந்தான். திடீர்னு மூடுபனி... நீட்டின கை தெரியல. பனில இறங்க அவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முன்னால போறவர் பையில தொங்குற வாரைப் பின்னால வர்றவர் பிடிச்சுக்கணும். முன்னால போறவர் திரும்பவே கூடாது, திரும்பினா திசை போயிடும். ரெண்டு தடவை இழுத்தா, நில்லுன்னு அர்த்தம்.

சித்தப்பா முதுகைக் காட்டி நின்னு, "பிடிச்சுக்கோ"ன்னார். யார் பிடிக்கிறாங்கன்னு பார்க்கல. அங்கதான் தப்புப் பண்ணிட்டார்.

வார் இறுகுச்சு. நடந்தார். சரக்... சரக்... சரளைக் கல்லுல அவர் காலடி மட்டும். பின்னால சத்தமே இல்ல. பேச்சுக் கொடுத்துப் பார்த்தார், பதில் வரல. பய பயந்துட்டான் போலன்னு நினைச்சார். அப்புறம் ஒரு வாடை... ரொம்ப நாள் மூடிக் கிடந்த கிணத்தைத் திறந்த மாதிரி.

பாதி மலை இறங்கியிருப்பார். மேலேயிருந்து, அந்த உச்சிலேயிருந்து, மச்சினன் குரல்.

"அத்தான்... எங்க இருக்கீங்க? ஷூ போட்டுட்டேன். வாரைக் கொடுங்க."

பின்னால வார்... ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு.

நில்லு.

மேல போகணும்னா அதைத் தாண்டித்தான் போகணும். சித்தி சொன்னது காதுல கேட்குது... ஆனா உயிர் யாருக்குமே வெல்லம்தான். பையைத் தோள்லேயிருந்து உதறிட்டு ஓடினார். விழுந்து, புரண்டு, முட்டியெல்லாம் சிராய்ஞ்சு...

அது துரத்தவே இல்ல. அந்தப் பையோட மலை மேல ஏறிப் போச்சு. சரக்... சரக்... இப்ப அதுக்குக் காலடி இருந்துச்சு. அப்படியே சித்தப்பாவோட நடை.

மச்சினன் இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல. தேடாத பள்ளம் இல்ல. சித்தி அவர் முகத்துலயே முழிக்கிறதில்ல. ஒண்ணை மட்டும் அவங்ககிட்ட அவர் சொல்லவே இல்ல. அடிவாரத்துல நின்னு, "பிடிக்காதடா"ன்னு கத்த வாயைத் திறந்தாராம்... அதுக்குள்ள மேலேயிருந்து, நிம்மதியா ஒரு குரல்.

"அப்பாடா... வந்துட்டீங்களா அத்தான். பிடிச்சுக்கிட்டேன்... நடங்க."