வாய் திறக்கும் பிள்ளை

இன்று காலை எனக்கு நாலு இட்லி வாங்கிக் கொடுத்தார்கள். பசிக்கவில்லை என்றேன். அந்தப் பெண் காவலர் மறுபேச்சில்லாமல் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல பெண்தான், குறை சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் பிள்ளைகள் கெட்டுப்போவது இப்படித்தான், நீதிபதி அம்மா. வேண்டாம் என்று சொன்ன உடனே தட்டை எடுத்துவிடுகிறோம்.

யோசித்துச் சொல்ல எனக்கு ஒரு நாள் அவகாசம் கொடுத்தீர்கள். யாரும் என்னை மிரட்டவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். என் பெயர் ஜெயபாய், வயது ஐம்பத்து மூன்று. ராஜபாளையத்தில் என் வீட்டு முன்னறையில் பதினொரு வருடமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பெரும்பாலும் பேண்டேஜ் கம்பெனிகளில் தறி ஓட்டுகிற பெண்களின் பிள்ளைகள். எட்டு மணிக்கு விட்டுவிட்டுப் போய் ஆறு மணிக்குக் கூட்டிப்போவார்கள். சாப்பிடாத பிள்ளையையும் ஜெயபாய் சாப்பிட வைத்துவிடுவாள் என்று ஊரில் பேச்சு. இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்துகூடப் பஸ் ஏறிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

என் சமையலில் மாயம் எதுவும் இல்லை. சோறு குழைய வேண்டும், பருப்பு மசிய வேண்டும், நெய் சூட்டோடு சேர வேண்டும். பதினோரு மணிக்கு மேல் பிஸ்கட், பால் கிடையாது. போனில் படம் காட்டி ஊட்டுவது கிடையாது, கெஞ்சுவதும் கிடையாது. இதையெல்லாம் எந்த டாக்டரும் சொல்வார். திங்கட்கிழமைதோறும் எடை பார்த்துச் சுவரில் எழுதுவேன். கூடின எடையைப் படிக்கும்போது ஒரு தாயின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இந்த வேலையே செய்தேன்.

பிள்ளை சோற்றை மறுப்பது வாயால் அல்ல, கையால். இதை நானாகத்தான் கண்டுபிடித்தேன். கை அடங்கினால் வாய் பாதி வழிக்கு வந்துவிடும். வாய் துடைக்க ஆகட்டும் என்று அந்தப் பெண்களே கம்பெனியிலிருந்து வேஸ்ட் துணி கொண்டுவந்து தருவார்கள். மெல்லிய வெள்ளைத் துணி, காற்றுப் போகும். கைகளைப் பின்னால் கொண்டுபோய் நாலு சுற்றுச் சுற்றினால் போதும். புண்ணுக்குக் கட்டுகிற துணிதானே, உறுத்தாது. தடமும் விழாது. பதினொரு வருடத்தில் ஒரு பிள்ளையை நான் கை நீட்டி அடித்ததில்லை.

துப்பினால், துப்பியதையே திரும்ப ஊட்டுவேன். கக்கினாலும் அப்படித்தான். இரண்டு நாள், மிஞ்சிப்போனால் நாலு நாள். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் துப்பாது.

ஆல்வின், விஜியின் மகன். இரண்டே கால் வயது. என்னிடம் வரும்போது ஒன்பது கிலோகூட இல்லை. விஜி வாசலிலேயே அழுதாள்.

"எதக் குடுத்தாலும் தூதூன்னு துப்புதான்க்கா. எங்க வீட்டுல மாமியா என்னையத்தான் ஏசுதாவ. எனக்குப் பிள்ள வளக்கத் தெரியலயாம்."

"நீ வேலைக்குப் போ. செத்த நேரம் அழுவான், பொறவு சரியாயிருவான்" என்றேன்.

அவனுக்கு ஒன்பது நாள் பிடித்தது. அப்படி ஒரு பிடிவாதத்தை நான் பார்த்ததில்லை. பத்தாம் நாள் அழுகை நின்றது. அதன் பிறகு அவன் எதற்குமே அழவில்லை, கீழே விழுந்தாலும் அழவில்லை. பேசிக்கொண்டிருந்த நாலைந்து சொல்லையும் விட்டுவிட்டான். நான் துணியைக் கையில் எடுத்தால் போதும். அவனே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைகளைப் பின்னால் வைத்து, வாயைத் திறப்பான். மூன்று மாதத்தில் பத்தரைக் கிலோ. எனக்கு அவன்மேல் தனிப் பிரியம் உண்டு.

ஒருநாள் காலை விஜி சிரித்துக்கொண்டே வந்தாள். முந்தின நாள் வீட்டில் அவன் முட்டியைச் சிராய்த்துக்கொண்டானாம். கட்டுப்போடலாம் என்று இவள் பேண்டேஜ் சுருளை எடுத்திருக்கிறாள்.

"காலக் காட்டுலேன்னு சொல்லுதேன்க்கா. இவன் என்னடான்னா கையப் பின்னால வச்சுக்கிட்டு வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்கான். எம்புட்டு நேரம் தெரியுமா? மூடவே இல்ல."

போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். இருவரும் பார்த்துச் சிரித்தோம். வழக்கில் சேர்த்திருக்கிற வீடியோ அதுதான். அதில் கேட்கிற சிரிப்பு விஜியுடையது. இப்போது அவளால் அதைப் பார்க்க முடியவில்லை என்கிறார்கள். பார்க்கலாம், அதில் பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறான்.

அந்தத் திங்கட்கிழமை அவனை விடும்போதே விஜி சொன்னாள். "விடிய விடிய இருமல்க்கா. மூக்கு வேற அடைச்சிருக்கு. இன்னைக்குச் சோறு வேண்டாம், கஞ்சித்தண்ணி மட்டும் குடுங்க." சரி என்றேன். அவள் போனதும் எடை பார்த்தேன். முந்நூறு கிராம் குறைந்திருந்தது. சுவரில் எழுதினேன், மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மதியம் சுந்தரபாண்டியத்திலிருந்து நாகஜோதி என்ற பெண் வந்தாள். மகளை என்னிடம் சேர்க்கலாமா என்று பார்க்க வந்தவள். சுவரைப் படித்துக்கொண்டே வந்து ஆல்வின் பெயரில் நின்றாள். "இவன் மட்டும் எளச்சிருக்கானேக்கா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அந்த நாளில் எனக்குக் கோபம் வந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

"இரு, அவன் சாப்பிடுத அழகப் பாத்துட்டுப் போ" என்றேன்.

தட்டு நிறையப் பிசைந்தேன். துணியை எடுப்பதற்கு முன்பே வாயைத் திறந்தான். நாகஜோதி அசந்துபோனாள். கைகளைச் சுற்றிக் கட்டியதும் ஏழெட்டு வாய் மளமளவென்று போயிற்று. மூக்கு அடைத்திருந்தது அல்லவா, மூச்சுக்காக அவன் வாயைத் திறந்தான், நான் ஊட்டினேன். பிறகு இருமினான். வெளியே வரப் பார்த்ததை வழக்கம்போல உள்ளங்கையால் பொத்திப் பிடித்தேன்.

"விடுங்கக்கா, பிள்ள மொகம் நீலமாவுது" என்றாள் நாகஜோதி.

"பொறு, முழுங்கிருவான்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் எடுக்கவில்லை. ஆல்வின் திமிறவில்லை. திமிறியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். திமிறக் கூடாது என்று அவனைப் பழக்கியிருந்தேன்.

நாகஜோதி கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். நான் கையை எடுத்தேன். அவன் வாய் திறந்தேதான் இருந்தது. மூச்சு இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. தட்டில் இன்னும் இரண்டு வாய்ச் சோறு இருந்தது. அதையும் ஊட்டினேன். பிறகு கைக்கட்டை அவிழ்த்து, துணியை அலசிக் கொடியில் போட்டேன்.

கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்ததும் விஜி போன் செய்வாள். அன்றும் செய்தாள்.

"சாப்ட்டானாக்கா?"

"ஒரு பருக்க மிச்சம் வைக்கல" என்றேன்.

விஜியிடம் நான் பொய் சொன்னதாகப் போலீஸார் எழுதியிருக்கிறார்கள். மற்றதெல்லாம் சரி, கையெழுத்துப் போடுகிறேன். அதை மட்டும் அடித்துவிடுங்கள், அம்மா. பிள்ளையைப் பெற்றவளிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.