திருப்பி அனுப்ப வேண்டாம்

— வேணாம் டிபெட்ஸ் சார், திருப்பி அனுப்ப வேணாம். நீங்க குடுத்த பணத்தை அப்படியே அனுப்பிடறேன். துப்பாக்கியும் உங்ககிட்டயே இருக்கட்டும்.

— கொஞ்சம் இருங்கம்மா. பணமும் எனக்கு, துப்பாக்கியும் எனக்கா?

— ஆமா.

— ஒண்ணு சொல்லட்டுமா, வெர்னாம்மா? எங்க வயோமிங் மாநிலத்துல என் அளவுக்குப் பழைய துப்பாக்கி வாங்கினவன் குறைச்சல். இணையத்துல வாங்கி ஏமாந்திருக்கேன், சண்டை போட்டிருக்கேன், வக்கீல் வாசல் வரைக்கும் போயிருக்கேன். பணத்தைத் திருப்பிக் கேட்டதுமே விக்கறவன் குரல் மாறிடும். 'லைன் சரியில்ல'ம்பான், 'நான் ஊர்ல இல்ல'ம்பான். ரெண்டையும் நீயே வெச்சுக்கோன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான். எனக்குச் சந்தேகமா இருக்கு.

— என்ன சந்தேகம்? குறைன்னு சொன்னீங்க, தீர்த்துட்டேன். முடிஞ்சுது.

— என்ன குறைன்னு நீங்க கேக்கவே இல்லையே!

— கேட்டு என்ன ஆகப் போகுது?

— அதைச் சொல்லுங்க. ரிவால்வர்ல கோளாறுன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். என்ன ஏதுன்னு கேக்காம பணப்பையைத் திறக்கறீங்க. அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியும்.

— எனக்குத் துப்பாக்கி பத்தி ஒண்ணும் தெரியாது சார்.

— விளம்பரத்துல அப்படிப் போடலையே! 'நல்லா வேலை செய்யும், அதிகம் சுடாதது'ன்னு உங்க பேர்லதானே போட்டிருந்தீங்க?

— மத்தவங்க போட்டிருந்ததைப் பாத்து எழுதினேன். எல்லாரும் அப்படித்தானே எழுதறாங்க.

— சரி, இன்னொண்ணு. நீங்க விளம்பரம் போட்ட அந்த இணையத் தளத்துல ஒரு சட்டம் இருக்கு, தெரியுமில்ல? மூணு நாள் கையில வெச்சுப் பாக்கலாம், ஆனா சுடக் கூடாது. ஒரு தோட்டா சுட்டாலும் போச்சு, அது வாங்கினவன் தலையில. நான் சுட்டுட்டேன்.

— ம்.

— வெறும் 'ம்'மா? ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டு வந்தேன். சாப்பிடக்கூட உக்காரல. பின்பக்க வேலி மேல பீன்ஸ் டப்பாவை வெச்சேன், சுட்டேன். கை சும்மா இருந்தாத்தானே! எம் பொண்டாட்டி ஜன்னல்லேருந்து கத்தறா, 'டெல்பர்ட், சுட்டா உன் தலையிலதான்'னு. வேற யாரா இருந்தாலும் இந்நேரம், 'சுட்டுட்டீங்களா, அப்போ பேச்சே இல்ல'ன்னு ஃபோனை வெச்சிருப்பாங்க. நானே உங்க கையில சாட்டையைக் குடுக்கறேன், நீங்க வாங்க மாட்டேங்கறீங்க.

— எனக்கு யாரையும் அடிக்க வேணாம்.

— திருட்டுப் பொருளா?

— கடவுளே, இல்ல!

— கோவிச்சுக்காதீங்க, கேக்கணும். இதால யாராவது செத்திருக்காங்களா?

— இல்ல. இல்ல.

— ஏம்மா ரெண்டு தடவை சொல்றீங்க?

— நீங்க என்ன போலீஸா? ஆமா, நீங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? நல்ல பாகத்தைக் கழட்டி வெச்சுக்கிட்டு, வீணாப் போனதை மாட்டிட்டு, கோளாறுன்னு ஃபோன் பண்றவங்களும் இருக்காங்களாமே. அதுல நீங்க ஒருத்தரா இருந்தா?

— இருந்தா, பணமும் துப்பாக்கியும் சேத்துத் தர்றேன்னு சொன்னப்பவே நன்றி சொல்லி ஃபோனை வெச்சிருப்பேனே! அம்மா, நான் ரிட்டயர் ஆகற வரைக்கும் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவன். பாதி ஊர் என் பஸ்லதான் படிக்கப் போச்சு. நாளைக்கே ஷெரிஃப் ஆளுங்க வந்து கதவைத் தட்டி, 'துப்பாக்கியும் இருக்கு, பணமும் திரும்ப வந்திருக்கு, இது என்ன ஏற்பாடு டெல்பர்ட்?'னு கேட்டா, நான் என்ன சொல்லுவேன்? கேக்கறவனும் என் பஸ்ல வந்தவனாத்தான் இருப்பான். அதனால முடிவு பண்ணிட்டேன். துப்பாக்கியைக் கடை வழியாத்தான் அனுப்பணும், நாளைக்குக் காலைல எங்க ஊர்த் துப்பாக்கிக் கடையில குடுத்துடறேன். முறைப்படி உங்க ஊர்க் கடைக்கு அனுப்பிடுவாங்க. நீங்க போய் வாங்கிக்குங்க.

— அங்க அனுப்பாதீங்க!

— பாத்தீங்களா, கத்தறீங்க.

— கத்தல. அந்தக் கடைக்கு மட்டும் வேணாம் சார். அங்க கடைக்காரன் ரூடி இருக்கான். பெட்டியைப் பிரிச்சதும் என்னைக் கூப்பிட மாட்டான். ஹால்வரைத்தான் கூப்பிடுவான். 'உன் ரிவால்வர் திரும்பி வந்திருக்கு ஹால்வர், எப்ப எடுத்துக்கறே?'ன்னு கேப்பான். இந்த ஊர்ல எந்தத் துப்பாக்கி எந்த வீட்டோடதுன்னு அவனுக்கு அத்துப்படி. அவன் மீன் பிடிக்கப் போற வாரம் பாத்து, கடையில இருந்த பொண்ணுகிட்டதான் நான் அனுப்பக் குடுத்தேன்.

— ஹால்வர் யாரு?

— எங்க வீட்டுக்காரர்.

— ஓஹோ! புருஷனுக்குத் தெரியாம புருஷனோட துப்பாக்கியை வித்திருக்கீங்க. இப்பத்தான் பூனை வெளிய வருது. குடிக்கறாரா?

— இல்ல.

— அடிக்கறாரா? பயப்படாம சொல்லுங்க.

— அவர் ஒரு கன்னுக்குட்டியைக்கூட அதட்ட மாட்டார்.

— பின்ன எதுக்கும்மா இந்தத் திருட்டுத்தனம்?

— ...மாடெல்லாம் வித்துட்டோம் சார். மழை இல்ல, புல்லும் இல்ல. அவர் தாத்தா காலத்துலேருந்து வந்த மந்தை. லாரியில ஏத்தற அன்னிக்கு நல்லாத்தான் இருந்தார். வந்த ஆளுங்களுக்கு அவரே காப்பி ஊத்திக் குடுத்தார். அதுக்கப்புறம் பேச்சு நின்னு போச்சு. தினம் விடிஞ்சா வேலி சரி பண்ணப் போறார். ஒரு மாடு இல்லாத நிலத்துக்கு வேலி கட்டறார் சார். இப்பவும் அங்கதான் இருக்கார். அதனாலதான் உங்ககிட்ட இவ்வளவு பேச முடியுது.

— சரி.

— அந்த ரிவால்வர் எப்பவும் கட்டில் பக்கத்து டிராயர்ல கிடக்கும். ஒருநாள் கொட்டகையில வாளி தேடப் போனேன். அவர் உக்கார்ற இடத்துக்குப் பக்கத்துல, தீவன மூட்டைக்குப் பின்னாடி, சாக்குல சுத்தி இருந்துச்சு. தோட்டா போட்டு.

— புரியுது வெர்னாம்மா. மேல சொல்ல வேணாம்.

— தோண்டித் தோண்டிக் கேட்டீங்கல்ல? கேளுங்க. எடுத்து ஒளிச்சா எங்கன்னு கேப்பார். கேட்டா பேசணும். அதைப் பேச எங்க வீட்ல யாருக்கும் வாய் இல்ல. மரம் அறுக்கற மெஷினைத் தீட்ட ஒரு அரம் வெச்சிருக்கோம். அதால அந்த ஊசியைத் தேய்ச்சேன், தோட்டாவைப் போய்க் குத்துமே, அந்த ஊசி. மொட்டையா தேய்ச்சுட்டு, இருந்த மாதிரியே சுத்தி வெச்சேன். அப்புறமும் தூக்கம் வரல. அது நம்ம இடத்துல இருக்கவே கூடாதுன்னு தோணுச்சு. அதான் வித்தேன். சுடாத துப்பாக்கியை 'நல்லா வேலை செய்யும்'னு எழுதி உங்க தலையில கட்டினேன். நான் பண்ணினது மோசடிதான். என்ன குறைன்னு நான் எதுக்குக் கேக்கணும்? அது சுடாது. எனக்குத் தெரியும்.

— வெர்னாம்மா.

— சொல்லுங்க.

— அது சுட்டுது.

— என்னது?

— ஆறு போட்டேன். நாலு வெடிச்சுது. ரெண்டு வெடிக்கல. அந்த ரெண்டுதான் என் புகாரே.

— இருக்காது.

— என் பீன்ஸ் டப்பாவைக் கேட்டுப் பாருங்க.

— விளையாடாதீங்க சார். என் கையால தேய்ச்சேன். ஒண்ணுகூட வெடிக்க முடியாது.

— இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன். இதோ, எதிர்லதான் இருக்கு. துப்பாக்கி முழுக்கக் கறுத்துப் பழசா இருக்கும்மா, ஊசி மட்டும் பளபளங்குது. இது புது ஊசி. கையால செஞ்சு மாட்டினது, ஒரு மயிரிழை குட்டையா இருக்கு. அதான் ரெண்டு தோட்டாவைச் சரியாக் குத்தல. அந்த ரூடி மாட்டினானா?

— அவன்தான் ஊர்லயே இல்லையே.

— வீட்ல வேற யாரு?

— நாங்க ரெண்டு பேர்தான்... சார், அப்போ அவருக்குத் தெரிஞ்சிருக்கு. சுடாதுன்னு தெரிஞ்சிருக்கு. அழுத்திப் பாக்காம எப்படித் தெரியும்?

— பதறாதீங்க. எண்ணெய் போடறப்ப கண்ணுல பட்டிருக்கும்.

— எண்ணெய் போடறதையெல்லாம் எப்பவோ விட்டுட்டார். அழுத்தியிருக்கார். வெடிக்கலைன்னதும் சரி பண்ணி வெச்சிருக்கார், மறுபடி அழுத்தறதுக்கு. அதுக்குள்ள நான் எடுத்துட்டேன். கடவுளே, கொஞ்சம் தாமதிச்சிருந்தேன்னா!

— அம்மா, அழாதீங்க. இப்ப அது இங்க, என் மேசை மேல இருக்கு. நான் அனுப்பல, சரியா? பணமும் வேணாம். நாலு வெடிக்குதே, எனக்கு அது போதும்.

— வேற ஒண்ணு வாங்கிட்டார்னா? ரூடி கடையில போய் நின்னா எவ்வளவு நேரம் ஆகும் சார்?

— அவர்கிட்டப் பேசிடுங்கம்மா. இன்னிக்கே. நான் கதவுக்குக் கதவு பஸ் நிறுத்தினவன், எந்த வீட்ல என்ன நடக்குதுன்னு பிள்ளைங்க ஏறற முகத்தைப் பாத்தே சொல்லுவேன். பேசாத வீடுதான்...

— கதவு! வந்துட்டார். நீங்க வைக்கோல் விக்கறவர், சரியா? வைக்கோல்.

— மாடு இல்லாத வீட்டுக்கா?

— ஐயோ, வேற ஏதாவது!

— யாரு வெர்னா ஃபோன்ல?

— யாருமில்ல ஹால்வர், சர்ச்சுலேருந்து. பூட்ஸைக் கழட்டுங்க, இப்பத்தான் தரை துடைச்சேன்.

— அழுதியா?

— வெங்காயம் நறுக்கினேன்.

— எங்க வெங்காயம்?

— ஹால்வர், காப்பி போடட்டுமா?

— குடு, ஃபோனை. ...ஹலோ, யாரு?

— வணக்கம் சார். டெல்பர்ட்னு பேசறேன். சர்ச்சுல கோடை விருந்து விஷயமா...

— வயோமிங் நம்பர்லேருந்தா?

— எங்க சர்ச் கொஞ்சம் பெரிசு.

— ரிவால்வர் வாங்கினவர் நீங்கதானே?

— ...ஆமா, சார்.

— வேலை செய்யலையா?

— நாலு வெடிச்சுது. ரெண்டு வெடிக்கல.

— ஊசி குட்டை. கண்ணு முன்ன மாதிரி இல்ல, அரத்தால கொஞ்சம் அதிகமா ராவிட்டேன்.

— அப்போ மாட்டினது நீங்கதான்.

— நான்தான்.

— ஹால்வர்! எப்ப மாட்டினீங்க? எதுக்கு மாட்டினீங்க? சொல்லுங்க!

— இரு வெர்னா, சொல்றேன். உக்காரு. ...நீங்களும் கேட்டுக்குங்க சார். இவ பெட்டி கட்டி வண்டி சீட்டுக்கு அடியில வெச்சிருந்தா. ரூடி மீன் பிடிக்கப் போகட்டும்னு காத்துக்கிட்டு இருந்தா. இவ பின்பக்கம் துணி துவைச்ச நேரம் பெட்டியைப் பிரிச்சு மாட்டினேன். மறுபடி ஒட்டி அங்கேயே வெச்சேன்.

— விக்கப் போறாங்கன்னு தெரிஞ்சேவா?

— தெரிஞ்சேதான்.

— சார், நான் வெளி ஆளு. கேக்கக் கூடாது. ஆனா அந்த ஊசி மொட்டையா இருந்தது உங்களுக்கு எப்படி...

— அதை இவகிட்டச் சொல்லிக்கறேன். உங்ககிட்ட வேணாம்.

— நியாயம். அப்போ இது ஒண்ணை மட்டும் சொல்லுங்க, எனக்குத் தலை சுத்துது. வீட்டை விட்டே போற துப்பாக்கி. வெடிச்சா உங்களுக்கென்ன, வெடிக்கலேன்னா என்ன? எதுக்கு மெனக்கெட்டுப் புது ஊசி மாட்டினீங்க?

— நல்லா வேலை செய்யும்னு எழுதியிருந்தா, பாத்தேன். வேலை செய்யலேன்னா நீங்க இந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பிடுவீங்களே.