செவ்வந்தி தட்டிய கை

சாயங்காலம் ஆறரை இருக்கும். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுகிற ரோடு. மேலேயிருந்து மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. எதிரில் ஒரு வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு ஒரே ஒரு பைக் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

ஓட்டியவர் கொளஞ்சியப்பன். என் சிநேகிதன் அரங்கநாதனுக்குச் சொந்தப் பெரியப்பா. வடக்கனந்தல் பக்கம் நிலம், நீச்சு என்று நல்ல வசதி. பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள்.

அவர் சட்டைப் பையில் செல் இருந்தது. அணைத்துத்தான் வைத்திருந்தார். ஒரு வளைவில்... அது பேசியது.

"நான் இங்க இருக்கேன்."

சின்னப் பெண்பிள்ளை குரல். கொஞ்சம் செல்லம் கொஞ்சுகிற மாதிரி.

பைக்கை நிறுத்தினார். இன்ஜின் ஓய்ந்தது. ஈர மண் வாசனை. எங்கோ கடுக்காய் உலர்த்திய துவர்ப்பு. இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது... அதைத் தவிர ஒரு சத்தம் இல்லை. ஆனால் யாராவது கை தட்டினால்தான் அந்தக் குரல் வரும். அது அவருக்குத் தெரியும்.

அந்தக் குரல் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கொளஞ்சியப்பனுக்கு எதை எங்கே வைத்தோம் என்பதே நினைவிருக்காது. சேலத்தில் படிக்கிற மகள் ஷாலினி லீவுக்கு வந்தபோது செல்லில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். கையைத் தட்டினால் போதும். செல் எங்கே கிடந்தாலும் 'நான் இங்க இருக்கேன்' என்று கத்தும். தவிட்டு மூட்டை இடுக்கிலிருந்து கத்தியது. மாட்டுக் கொட்டகையிலிருந்து கத்தியது. மனிதருக்கு ஒரே பெருமை. மரவள்ளி பிடுங்க மலையிலிருந்து வேனில் வருகிற ஆட்களுக்குக் கூடத் தட்டித் தட்டிக் காட்டினார்.

ஒரு நாள் கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கும்போது செல்லைக் காணோம். தட்டினார். பதில் இல்லை. வரப்பில் நடந்து நடந்து தட்டினார். ஆட்கள் வேலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ சிரிப்பை அடக்குவது தெரிந்தது. அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

அன்றைக்கு மோட்டார் கொட்டாய் பக்கம் தனியாகப் போனவள் செவ்வந்தி. முப்பது வயது இருக்கும். அதிர்ந்து பேசாதவள். ஏன் போனாய் என்று கேட்டார். தண்ணீர் குடிக்க என்றாள்.

"அப்ப நீ தட்டு. ஒன்னாண்ட இருந்தா அதுவே கத்தும்."

விளையாட்டு என்று நினைத்து அவள் முதலில் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தட்டினாள். மண் ஒட்டிய மெலிந்த கை, கண்ணாடி வளையல்தான் குலுங்கியது, தட்டுகிற சத்தம் எழும்பவில்லை. இன்னும் பலமாகத் தட்டச் சொன்னார். அவள் தட்டத் தட்ட, இன்னொருத்தியை விட்டு அவள் பையைக் கொட்டிப் பார்க்கச் சொன்னார். சோற்றுத் தூக்கு உருண்டது. ஒரு சீப்பு. பிள்ளைக்கு வாங்கிய பிஸ்கட் பொட்டலம்... அவ்வளவுதான்.

அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, துடைக்கக் கையில்லை. போதும் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேன்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் நிறுத்தினாள். எல்லோரும் ஏறினார்கள். அவள் ஏறவில்லை. மலைப் பக்கம் நடந்தே போனாள்.

இருட்டிய பிறகு டிராக்டரை ஷெட்டில் விடும்போது, சீட்டு கிழிசலுக்குள் அவர் கை எதிலோ பட்டது. செல். சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது.

கொளஞ்சியப்பன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போனதும் மனைவி பெரியநாயகி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தப் பொண்ணாண்ட சொல்லிட்டீங்களா?"

காலையில் வருவாள், சொல்லிவிடலாம் என்றார்.

காலையில் வேன் வந்தது. செவ்வந்தி வரவில்லை. செல் கிடைத்துவிட்டதா என்று ஆட்கள் கேட்டார்கள். கிடைத்தது என்றார். ஒரு கிழவன் பக்கத்திலிருந்தவனிடம் தலையாட்டினான்: "அவதான் போட்டுட்டுப் போயிருக்கா. பாரு, இன்னிக்கு வரல." கொளஞ்சியப்பன் காதில் அது நன்றாக விழுந்தது. வாயைத் திறந்தால் போதும். அவர் வரப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் ஆரம்பித்தது.

சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தார். யாரும் தட்டவில்லை. அலமாரியிலிருந்து, "நான் இங்க இருக்கேன்." கொஞ்சம் விட்டு, மறுபடியும். மறுநாள் பங்காளி வீட்டில் சாவு. சாயங்காலம் பிணத்தைத் தூக்குகிற நேரம், ஒரு கணம் ஒப்பாரி ஓய்ந்தது... அவர் சட்டைப் பையிலிருந்து கொஞ்சலாக, "நான் இங்க இருக்கேன்." அத்தனை பேரும் திரும்பினார்கள். செத்துப்போகலாம் போலிருந்தது அவருக்கு. ஷாலினிக்குப் போன் போட்டு, அவள் சொல்லச் சொல்ல அந்த ஆப்பையே எடுத்தார். மறுநாள் பொழுது சாய்ந்தது. பேசியது. அணைத்து வைத்தார். பேசியது.

செவ்வந்தியைப் பற்றி வேன்காரனிடம் கேட்டார். அந்தப் பெண் இப்போது மலையை விட்டுக் கீழேயே இறங்குவதில்லை என்றான். அதற்கு மேல் கேட்க அவருக்குத் துணிவில்லை. அவள் செத்துவிட்டாள், வேன்காரன் அதைத்தான் அப்படிச் சொல்கிறான் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். அவள் புருஷன் பிச்சைமுத்து காலிலாவது விழுந்துவிட்டு வரலாம் என்று ஒருவருக்கும் சொல்லாமல் கிளம்பிய சாயங்காலம்தான் அது... அந்த ரோடு, அந்த மூட்டம்.

மேலே ஏற ஏறக் குரல் அடிக்கடி வந்தது. ஊருக்குள் நுழையும்போது விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. பிச்சைமுத்து வாசலில் உட்கார்ந்திருந்தான். ஆளைப் பார்த்தான், சட்டைப் பையைப் பார்த்தான். எழுந்து வழிவிட்டான்.

அப்போதுதான் அவருக்கு அந்தச் சத்தம் கேட்டது.

பட்... பட்... பட்...

உள்ளே சின்ன பல்பு வெளிச்சம். பாயில் செவ்வந்தி. சாகவில்லை. நல்ல தூக்கத்தில் இருந்தாள், மூச்சு சீராக ஏறி இறங்கியது. கை இரண்டும் மட்டும் நெஞ்சுக்கு மேலே எழும்பித் தட்டிக்கொண்டிருந்தன. உள்ளங்கை வெடித்து, பூசிய மஞ்சளில் ரத்தம் கசிந்திருந்தது. அவள் தட்டுவாள்... இவர் பையிலிருந்து பதில் வரும். தட்டுவாள்... பதில் வரும்.

"கண்ண மூடினா ஆரம்பிச்சுடுதுங்க," என்றான் பிச்சைமுத்து. "அதனால பகலெல்லாம் முழிச்சிக்கினே கெடக்கறா. சாயங்காலம் தாங்காம சாஞ்சிடறா."

தோளைத் தொட்டு எழுப்பினான். கை நின்றது. செல்லும் நின்றது. கண் திறந்தவள் கொளஞ்சியப்பனைப் பார்த்ததும் பதறி, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு எழுந்து நின்றாள். வேலைக்காட்டில் நிற்பது போலவே நின்றாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"செல்லு டிராக்டர் சீட்டுலதாம்மா கெடந்துச்சு. அன்னிக்கி ராத்திரியே எனக்குத் தெரியும்."

செவ்வந்தி மெதுவாகச் சொன்னாள்.

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியுங்க. எங்க வூட்டுக்காரருக்கும் தெரியும். தெரியாதவங்களாண்ட சொல்லுங்க."

நாளைக்கே எல்லோர் முன்னாலும் சொல்கிறேன் என்று கும்பிட்டார். இறங்கும்போது செல் பேசவில்லை. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார். மனசு காலியாகி, வீட்டில் படுத்ததும் தூங்கிப்போனார்.

மறுநாள் வேன்காரனே வந்து சொன்னான், செவ்வந்தி ராத்திரி அசந்து தூங்கினாளாம். ஆட்கள் கிழங்குக் காட்டில் வரிசையாக இறங்கினார்கள். கொளஞ்சியப்பன் தொண்டையைச் செருமினார். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தக் கிழவனும் பார்த்தான்.

"இன்னாங்க?"

அவ்வளவு கண்கள். நடுவில் அவர் ஒருத்தர். இப்படித்தானே அவள் நின்றாள் என்று நினைத்தார்.

"ஒண்ணுமில்ல... கெழங்கு ஒடியாம பாத்துப் புடுங்குங்க."

நாளைக்குச் சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே கண் அயர்ந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மறுபடி லீவுக்கு வந்திருந்த ஷாலினி உள் அறையில் இருந்தாள். கூடத்தில் சத்தம் கேட்டது.

பட்... பட்... பட்...

கொசு அடிக்கிறாரோ என்று நினைத்தாள். சத்தம் ஒரே சீராக வந்தது. தடவிக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். அப்பா நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். தட்டுவதை நிறுத்தலாம் என்று இருட்டில் கையை நீட்டி, இரண்டு மணிக்கட்டையும் இறுக்கிப் பிடித்தாள்.

மெலிந்த மணிக்கட்டு. அதில் கண்ணாடி வளையல் உருண்டது.